மதிப்பெண்ணுக்கு எந்த மருத்துவக் கல்லூரி? விருப்பப் பட்டியல் போடும் முறை

நீட் முடிவு வந்த அன்று வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு?" அடுத்தது, "இதுக்கு எந்த காலேஜ் கிடைக்கும்?" முதல் கேள்விக்குப் பதில் மதிப்பெண் சான்றிலேயே இருக்கிறது. இரண்டாவதற்கு பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் ஆசிரியர், யூடியூப் சேனல் என ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அந்தப் பதிலை நீங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தேவையானவை: கோடு போட்ட நீளத்தாள்கள், பென்சில், உங்கள் நீட் மதிப்பெண் சான்று, இணைய வசதி, பணக்கணக்கைப் பேச அப்பாவோ அம்மாவோ ஒருவர். பென்சில் என்று சொல்லக் காரணம் உண்டு. இந்தப் பட்டியலைக் குறைந்தது மூன்று முறை அழித்து எழுதுவீர்கள்.

தமிழ்நாட்டு மாணவர் எம்பிபிஎஸ் இடத்துக்கு விண்ணப்பிக்கும் நடைமுறையை வைத்தே இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. சுற்றுகளின் விதிகளும் கட்டணங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. எனவே தேர்வுக்குழு வெளியிடும் அந்த ஆண்டின் தகவல் தொகுப்பேட்டை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில்: மதிப்பெண்ணை மறந்துவிடுங்கள்

"போன வருஷம் இந்த காலேஜ் 600-ல முடிஞ்சுது, எனக்கு 580 தான், கிடைக்காது." ஒவ்வொரு ஆண்டும் இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ பிள்ளைகள் தகுதியான கல்லூரியைப் பட்டியலிலேயே சேர்க்காமல் விடுகிறார்கள். மதிப்பெண் அந்த ஆண்டின் வினாத்தாளைச் சார்ந்தது. 2024-இல் முதலில் வெளியான முடிவில் 67 பேர் 720-க்கு 720 பெற்றிருந்தார்கள். திருத்திய முடிவிலும் 17 பேர் முழு மதிப்பெண்ணில் நின்றார்கள். அடுத்த ஆண்டு, 2025-இல், இயற்பியல் பகுதி கடினமாக இருந்தது. நாட்டிலேயே முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686 தான். 2024-இன் கட்-ஆஃப் மதிப்பெண்ணை வைத்து 2025-இல் பட்டியல் போட்டிருந்தால், கிடைக்க வேண்டிய கல்லூரிகளை நீங்களே அடித்துவிட்டிருப்பீர்கள்.

தரவரிசை இப்படிக் குதிக்காது. வினாத்தாள் கடினமானால் எல்லோருக்கும் மதிப்பெண் குறையும், உங்களுக்கு முன்னால் நிற்பவர்களின் எண்ணிக்கை பெரிதாக மாறாது. ஆகவே இனி இந்த அத்தியாயத்தில் எங்கும் மதிப்பெண் வராது, ரேங்க் மட்டும்தான்.

ரேங்கிலும் குழப்பம் உண்டு. மதிப்பெண் சான்றில் இருப்பது அகில இந்திய ரேங்க். தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு அது உதவாது. விண்ணப்பம் முடிந்தபின் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு தனியாக மாநிலத் தரவரிசைப் பட்டியல் வெளியிடும். அதில் உங்களுக்குப் பொது ரேங்க் ஒன்றும், உங்கள் வகுப்புக்குள் ஒரு ரேங்கும் இருக்கும். அரசு ஒதுக்கீடு, 7.5 சதவீத ஒதுக்கீடு, நிர்வாக ஒதுக்கீடு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பட்டியல்கள் வரும். நீங்கள் எதெதற்கு விண்ணப்பித்தீர்களோ அததன் ரேங்கைத் தாளின் மேல் ஓரத்தில் எழுதி வட்டமிடுங்கள்.

படி 1: உங்களுக்குத் திறந்திருக்கும் கதவுகளைக் குறியுங்கள்

1. மாநில அரசு ஒதுக்கீடு. அரசுக் கல்லூரிகளின் இடங்களில் 85 சதவீதமும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் இதில் அடங்கும். தனியாரில் சிறுபான்மையல்லாத கல்லூரி என்றால் 65 சதவீதம், சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 சதவீதம். பெரும்பாலோருக்கு முதன்மையான கதவு இதுதான்.

2. அகில இந்திய ஒதுக்கீடு. மீதமுள்ள 15 சதவீத அரசு இடங்களோடு எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் இடங்களும் மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு வழியாக நிரப்பப்படுகின்றன. இதற்குத் தனி இணையதளம், தனிப் பதிவு, தனிப் பட்டியல்.

3. 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் உள்ளது.

4. நிர்வாக ஒதுக்கீடு, வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீடு. இவையும் கலந்தாய்வு வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. பணம் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் இந்தக் கதவைத் தட்ட வேண்டும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு தனி வார்த்தை. 7.5 சதவீத இடத்தில் தனியார் கல்லூரி கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முதல் ஆண்டான 2020-இல் அந்த அறிவிப்பு வருமுன்பே கலந்தாய்வு தொடங்கிவிட்டது. கட்டணத்துக்குப் பயந்து கைக்கு வந்த தனியார் இடத்தை விட்டுவிட்டு வீடு திரும்பிய பிள்ளைகள் அன்று இருந்தார்கள். அது நினைவுக்கு வரும்போதெல்லாம் மனசு கனக்கிறது. உங்கள் பட்டியலில் தனியார் கல்லூரிகளைத் தயங்காமல் சேருங்கள்.

படி 2: கடந்த ஆண்டுகளின் கடைசி ரேங்கை எடுங்கள்

தேர்வுக்குழுவின் தளத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியாகும். யாருக்கு, எந்த வகுப்புப் பிரிவில், எந்தக் கல்லூரி என்ற விவரம் அதில் இருக்கும். ஒரு கல்லூரியில் உங்கள் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் பொது ரேங்க்தான் நமக்கு வேண்டிய எண். குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு எடுங்கள். முதல் சுற்றின் எண், கடைசிச் சுற்றின் எண் இரண்டும் வேண்டும்.

தாளில் ஐந்து பத்திகள் போடுங்கள்: கல்லூரி, பொதுப்பிரிவின் கடைசி ரேங்க், உங்கள் பிரிவின் கடைசி ரேங்க், ஆண்டுக் கட்டணம், குறிப்பு.

பொதுப்பிரிவுப் பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 69 சதவீதம் இடஒதுக்கீடு போக மீதமுள்ள 31 சதவீதம் எல்லோருக்கும் பொதுவானது. பிற்படுத்தப்பட்டோரோ பட்டியலினத்தவரோ, ரேங்க் இருந்தால் பொதுப்பிரிவிலேயே இடம் பெறலாம். அது உங்களுக்கு உரிய இடம், யாருடைய இடத்தையும் எடுத்துக்கொள்வதாகாது.

கவனிக்க: ஓர் ஆண்டில் இடங்களின் எண்ணிக்கை கூடினால் கடைசி ரேங்க் பின்னால் நகரும். 2022 ஜனவரியில் விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி என 11 அரசுக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. 1,450 இடங்கள் கூடின. அதற்கு முந்தைய ஆண்டுகளின் எண்களை இன்று பயன்படுத்தினால் கணக்கு தப்பும். இந்த ஆண்டு எங்காவது இடம் கூடியதா, குறைந்ததா என்பதையும் இடப்பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: மூன்று குவியலாகப் பிரியுங்கள்

நான் கையாளும் அளவுகோல் இது. கல்லூரியின் கடைசி ரேங்கில் 15 சதவீதத்தைக் கூட்டியும் கழித்தும் இரண்டு எண்களை எழுதுங்கள். உங்கள் ரேங்க் அந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் அந்தக் கல்லூரி 'விளிம்பு'. சின்ன எண்ணையும்விட உங்கள் ரேங்க் முன்னால் இருந்தால் 'உறுதி'. பெரிய எண்ணையும் தாண்டிப் பின்னால் போனால் 'உயரம்'.

கணக்கைக் காட்டுவதற்காக நானே எழுதிக்கொண்ட எண்களில் ஓர் எடுத்துக்காட்டு. மாணவரின் பொது ரேங்க் 2,900. அவருடைய பிரிவில் ஐந்து கல்லூரிகளின் கடைசி ரேங்க்:

அ: 1,600
ஆ: 2,600
இ: 3,100
ஈ: 3,700
உ: 4,200

'ஆ'வுக்கு 2,600-இன் 15 சதவீதம் 390. எல்லைகள் 2,210, 2,990. மாணவர் 2,900-இல் நிற்கிறார், எனவே விளிம்பு. 'இ'யும் அப்படியே. 'ஈ'யின் கீழ் எல்லை 3,145. அதற்கு முன்னால் நிற்பதால் உறுதி. 'உ'வும் உறுதி. 'அ' உயரம்.

குவியல் பிரிப்பது எதற்கென்று தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க மட்டும்தான். உறுதிக் குவியலில் குறைந்தது எட்டுப் பத்துக் கல்லூரியாவது இருக்க வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் இன்னும் கீழே இறங்கித் தேடுங்கள். வரிசைப்படுத்தும்போது இந்தக் குவியல்களுக்கு வேலை இல்லை.

படி 4: வரிசை உங்கள் விருப்பப்படி

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கணினி இடம் ஒதுக்கும் முறை எளிமையானது. முதல் ரேங்க்காரரின் பட்டியலை எடுக்கும். மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கும். காலியாக உள்ள முதல் கல்லூரியைக் கொடுத்துவிட்டு அடுத்த ரேங்க்காரரிடம் போகும். உங்கள் முறை வரும்போது உங்கள் முதல் விருப்பத்தில் இடம் இல்லையென்றால் இரண்டாவதைப் பார்க்கும். அதற்குள் உங்களுக்குப் பின்னால் இருப்பவர் யாரும் உள்ளே புகுந்துவிட முடியாது.

இதன் பொருள்: எட்டாத கல்லூரியை முதலில் போட்டால் நஷ்டம் எதுவுமில்லை. எட்டும் கல்லூரியை முதலில் போட்டால் நஷ்டம் உண்டு. ஏனென்றால் அதற்கு மேலானது காலியாக இருந்தாலும் கணினி அதைத் தொடவே தொடாது.

நான் பட்டியல் போட உதவிய ஒரு மாணவியின் அப்பா, கடைசி நாள் இரவு பயந்துபோய், சொந்த மாவட்டத்துக் கல்லூரியை முதலிடத்துக்கு மாற்றிவிட்டார். "இதுவாவது உறுதியா கிடைக்கட்டுமே" என்ற எண்ணம்தான். கிடைத்தது. அந்தப் பெண் பல ஆண்டுகளாக ஆசைப்பட்ட சென்னைக் கல்லூரியில், அவளுக்குப் பின்னால் நின்றவருக்கும் இடம் கிடைத்திருந்தது. அடுத்த நாள் என்னிடம் பேசும்போது அந்த அப்பாவின் குரல் உடைந்துபோயிருந்தது. அவர்மீது குறை இல்லை. கணினி எப்படி ஒதுக்குகிறது என்று யாரும் அவருக்கு உட்கார்ந்து சொல்லவில்லை, நானும் உட்பட.

ஆகவே:

1. கட்-ஆஃபை மூடி வைத்துவிட்டு, "எல்லாக் கல்லூரியும் திறந்திருந்தால் எதில் சேருவேன்?" என்று கேட்டு வரிசை எழுதுங்கள்.

2. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் மாணவருக்கு 'இ' வீட்டுக்குப் பக்கம், மனசுக்கும் பிடித்தது என்றால் அவர் வரிசை அ, இ, ஆ, ஈ, உ என்றே இருக்க வேண்டும். 'ஆ'வுக்குப் போட்டி அதிகம் என்பதற்காக அதை 'இ'க்கு மேலே வைக்கக் கூடாது.

3. கிடைத்தாலும் சேர மாட்டேன் என்று தோன்றும் கல்லூரியை எழுதவே எழுதாதீர்கள். கிடைத்துவிட்டு மறுத்தால் பிற்சுற்றுகளில் வைப்புத்தொகை போகும்.

இரண்டு கல்லூரிக்கு நடுவில் தவித்தால்

அரசுக் கல்லூரிகளுக்குள் பட்டம் ஒன்றுதான், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் வழங்குவது. நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி என்பதும் ஒன்றே. பழைய பெயருக்கு மயங்கி வரிசை போட வேண்டியதில்லை. பழைய கல்லூரிகளுக்கு உள்ள உண்மையான பலம் வேறு. 1835-இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, மதுரை, திருநெல்வேலி போன்ற இடங்களில் மருத்துவமனை பெரிது, நோயாளிகள் அதிகம், முதுநிலைத் துறைகள் பல. மூன்றாம் ஆண்டில் வார்டில் நிற்கும்போது எத்தனை வகையான நோயைக் கண்ணால் பார்த்தீர்கள் என்பதுதான் உங்களை மருத்துவராக்கும். அதே சமயம் 250 பேர் படிக்கும் வகுப்பும் 100 பேர் படிக்கும் வகுப்பும் ஒன்றல்ல. பேராசிரியர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கல்லூரி வேண்டுமென்றால் புதிய மாவட்டக் கல்லூரியை மேலே வைப்பதில் தவறில்லை.

முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். புறநோயாளிப் பிரிவில் காலை பத்து மணிக்கு எவ்வளவு கூட்டம் என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் விடுதி, தண்ணீர், சாப்பாடு பற்றிக் கேளுங்கள். பெண் பிள்ளை என்றால் விடுதியிலிருந்து மருத்துவமனைக்கு இரவுப் பணிக்கு நடந்து போகும் வழியையும் பாருங்கள்.

படி 5: பணக்கணக்கைப் பெற்றோரோடு உட்கார்ந்து போடுங்கள்

அரசுக் கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் ஒரு சாதாரணக் குடும்பம் சமாளிக்கக்கூடியது. தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு, கட்டண நிர்ணயக் குழு வைத்தபடி, அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல். நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் பதின்மூன்று லட்சத்துக்கு மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இருபது லட்சத்தைத் தாண்டும்.

ஓராண்டுத் தொகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆண்டுக்கு நாலரை லட்சம் என்றால் நாலரை ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல். பதின்மூன்றரை லட்சம் என்றால் 60 லட்சத்துக்கு மேல். விடுதி, உணவு, புத்தகம் தனி. இதற்கு வீட்டை அடகு வைக்க வேண்டுமா, தங்கையின் படிப்பு என்னாகும் என்பதையெல்லாம் பட்டியல் போடும் முன்பே பேசிவிட வேண்டும். இடம் கிடைத்த பிறகு பேசினால் சேருவதற்கு இரண்டு மூன்று நாள் மட்டுமே இருக்கும், அந்த அவசரத்தில் எடுக்கும் கடன் நல்ல கடனாக இருக்காது.

வெளிமாநிலக் கல்லூரியை எழுதும் முன் அந்த மாநிலத்தின் பணி ஒப்பந்தத்தையும் படியுங்கள். மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் படிப்பு முடிந்ததும் ஓராண்டு அரசுப் பணி செய்ய வேண்டும், இல்லையென்றால் பெருந்தொகை கட்ட வேண்டும்.

படி 6: சுற்றுகளில் விழாமல் நடப்பது

1. அகில இந்திய, மாநிலக் கலந்தாய்வு இரண்டுக்கும் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டு மாணவருக்கு அதே கல்லூரி மாநில ஒதுக்கீட்டில்தான் பெரும்பாலும் எளிதாகக் கிடைக்கும். இருந்தாலும் இரண்டாவது கதவைச் சாத்த வேண்டியதில்லை.

2. அகில இந்திய முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் அபராதம் இல்லை. இரண்டாம் சுற்றிலிருந்து நிலைமை வேறு, வைப்புத்தொகை போகும். கடைசி உதிரி இடச் சுற்றில் கிடைத்துச் சேராவிட்டால் அடுத்த நீட் எழுதவே தடை வரும். உதிரிச் சுற்றில் விளையாட்டுக்குக்கூட ஒரு கல்லூரியை எழுதாதீர்கள்.

3. ஓரிடத்தில் சேர்ந்துவிட்டு மேம்படுத்தக் கேட்கும்போது, கையில் இருப்பதைவிட நல்லதென்று நீங்கள் நினைக்கும் கல்லூரிகளை மட்டும் எழுதுங்கள். புதிய இடம் கிடைத்த நொடியே பழைய இடம் போய்விடும். பழைய பட்டியலை அப்படியே நகலெடுத்துப் போட்டு, கையிலிருந்த நல்ல கல்லூரியை இழந்தவர்கள் உண்டு.

4. இரண்டு கலந்தாய்வின் தேதிகளையும் ஒரே நாட்காட்டியில் குறித்துச் சுவரில் ஒட்டுங்கள்.

சான்றிதழ்: ரேங்க் இருந்தும் இடம் போவது இங்கேதான்

நம் ஊர் சாதிச் சான்றிதழ் மாநிலக் கலந்தாய்வுக்குச் செல்லும். அகில இந்திய ஒதுக்கீட்டில் 27 சதவீத இதர பிற்படுத்தப்பட்டோர் இடத்துக்கு அது போதாது. மத்திய அரசு வடிவில், வளமான பிரிவினர் அல்லர் என்று குறிப்பிட்ட தனிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க நாளாகும். முடிவு வருமுன்பே விண்ணப்பித்துவிடுங்கள். எல்லாச் சான்றிதழ்களிலும் உங்கள் பெயரும் தலைப்பெழுத்தும் நீட் விண்ணப்பத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்றும் ஒப்பிடுங்கள்.

எச்சரிக்கை

"சீட் வாங்கித் தருகிறேன்" என்று வரும் எவரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நிர்வாக ஒதுக்கீடு உட்பட எந்த எம்பிபிஎஸ் இடமும் கலந்தாய்வுக்கு வெளியே சட்டப்படி கிடையாது.

கடவுச்சொல்லையும் கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணையும் பிரவுசிங் சென்டர்காரரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். பட்டியலை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், அல்லது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள்.

கணக்குப் போட்ட பிறகு உறுதிக் குவியல் காலியாகவே இருக்கலாம். அப்போது அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள். பல் மருத்துவம் இருக்கிறது, சித்த மருத்துவம் இருக்கிறது, செவிலியம் இருக்கிறது, மறுபடி எழுதும் ஆண்டும் இருக்கிறது. மனசு தாங்கவில்லை என்றால் 104 அல்லது 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. பெற்றோர்களே, அந்த ஒரு வாரம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள், யாரோடும் ஒப்பிடாதீர்கள்.

படி 7: பூட்டும் நாள்

1. கடைசி நாளுக்கு முந்தைய நாளே பட்டியலை ஏற்றுங்கள். கடைசி மணி நேரத்தில் தளம் திணறும்.

2. தாளில் இருப்பதையும் திரையில் இருப்பதையும் ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்துச் சரிபாருங்கள். ஒரே ஊரில் அரசுக் கல்லூரியும் தனியார் கல்லூரியும் இருந்தால் குறியீட்டு எண்ணையும் ஒப்பிடுங்கள். பெயர் ஒத்துப்போய்த் தவறான கல்லூரியைச் சொடுக்குவது அடிக்கடி நடக்கிறது.

3. ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் மறுபடி பார்த்து, மாற்றத் தோன்றினால் நல்ல காரணத்தோடு மட்டும் மாற்றுங்கள். முந்தைய இரவு வந்த பயம் அப்படிப்பட்ட காரணம் அல்ல.

4. பூட்டியதும் அச்செடுத்து, கையெழுத்திட்டு, மூலச் சான்றிதழ்கள் உள்ள கோப்பிலேயே வையுங்கள். ஒதுக்கீட்டு ஆணை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, சேருவதற்கான கடைசித் தேதியும் நேரமும். அதை அப்பா, அம்மா இருவர் கைபேசியிலும் அலாரமாக வைத்துவிட்டு அதன்பிறகு இனிப்பு வாங்கப் போங்கள்.